கட்டுமானக் கண்காட்சியில் ஸ்டால் போடுவதா, சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

வாலாஜா பிளாக்:
எல்லோருக்கும் வணக்கம். வாலாஜா பக்கம் ஹாலோ பிளாக்கும் பேவரும் (தரையில் பதிக்கிற காங்கிரீட் கல்) போடுகிறேன். எட்டு வருஷம் ஆகிறது, இரண்டு மெஷின், பதினோரு ஆட்கள். விளம்பரம் என்று இதுவரை செய்தது ஆற்காடு போகிற வழியில் கட்டிய ஒரு ஃபிளெக்ஸ்தான், அதையும் போன ஆடிக் காற்று கிழித்துவிட்டது. இரண்டு மாதமாகக் கண்காட்சிக்காரர்கள் போன் மேல் போன். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, பெயரே கேள்விப்படாத இரண்டு. சென்னைக்குக் கூப்பிட்டவர் 9 சதுர மீட்டர் ஸ்டாலுக்கு 1,08,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்கிறார். "கார்னர் ஒன்றுதான் சார் மிச்சம், சாயந்திரத்துக்குள் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கு" என்று மூன்று வாரமாக அதே கார்னரை எனக்காக வைத்திருக்கிறார்.

இரண்டரை லட்சம் வரை ஒதுக்கலாம். கூடவே ஒரு ஆட்டோமேட்டிக் பிளாக் மெஷினும் பார்க்க வேண்டும், இப்போது இருப்பது தரையில் நகர்ந்து நகர்ந்து பிளாக் வைத்துப் போகிற பழைய வகை. எதில் ஸ்டால் போட்டால் காசு திரும்ப வரும்? வீட்டில் அந்தப் பணத்தில் ஷெட்டுக்கு ஷீட் மாற்றச் சொல்கிறார்கள்.

சத்துவாச்சாரி சைட்:
போடுவது என்று ஆனபிறகு பெரியதிலேயே போடுங்கள் அண்ணா. டிசம்பரில் பெங்களூரில் எக்ஸ்கான் வருகிறது. கட்டுமான இயந்திரங்களுக்குத் தெற்காசியாவிலேயே அதுதான் பெரியது என்கிறார்கள். கூட்டம் அள்ளும்.

ஜல்லி:
கூட்டம் என்ற வரை தம்பி சொல்வது சரி. நான் 2019, 2023 இரண்டுக்கும் போயிருக்கிறேன். நடுவில் 2021இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளி 2022 மே மாதம் நடந்தது, அதற்குப் போகவில்லை, என் கிரஷரே பாதி நாள் ஓடாத நேரம். சி.ஐ.ஐ. (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) நடத்துகிறது, இடம் துமகூரு சாலையில் பி.ஐ.இ.சி. கண்காட்சி வளாகம். அங்கே வருகிறவர் யார்? கிரஷர் வைத்திருப்பவர், ரோடு காண்ட்ராக்டர், பொக்லைன் வாடகைக்கு விடுகிறவர், ரெடிமிக்ஸ்காரர். ஒரு கோடி ரூபாய் மெஷினுக்கு ஃபைனான்ஸ் பேசிக்கொண்டு நிற்பவரிடம் பேவர் நோட்டீஸை நீட்டினால் என்ன செய்வார்? செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர் மடியில் பணம் இருக்கிறதே என்று அவரிடம் பட்டுப்புடவை விற்கப் பார்த்த கதைதான்.

அங்கே நீங்கள் வாங்குகிற ஆள், விற்கிற ஆள் இல்லை. மெஷின் பார்ப்பதற்குக் கண்டிப்பாகப் போங்கள். ஒற்றைப்படை வருஷம் டிசம்பர் என்றால் பெங்களூரு. இரட்டைப்படை வருஷத்தில் டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் பௌமா கான்எக்ஸ்போ இந்தியா நடக்கும், கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. அவ்வளவு தூரம் நமக்கு எதற்கு, காட்பாடியில் ஏறினால் மதியத்துக்குள் பெங்களூரு. இதில் ஒரு தமாஷ். நம் செய்யாறு சிப்காட்டில் ஷ்விங் ஸ்டெட்டர் தொழிற்சாலை இருக்கிறது. ஆரணியில் இருக்கிற என் பங்காளி அவர்களுடைய காங்கிரீட் மெஷினை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது பெங்களூரில்தான்.

வாலாஜா பிளாக்:
சரி அண்ணா, எக்ஸ்கானில் ஸ்டால் இல்லை, புரிகிறது. அப்போ சென்னை?

காட்பாடி கணக்கு:
தம்பி, இந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இப்போது பையனிடம் விட்டிருக்கிறேன். மூன்று கண்காட்சியில் ஸ்டால் போட்டவன், மூன்றிலும் காசு விட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையா கோவையா என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் லோடு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 60 மி.மீ. பேவர் ஒரு சதுர அடி கிட்டத்தட்ட 13 கிலோ வரும். ஆயிரம் சதுர அடி என்றால் 13 டன். வாலாஜாவில் ஏற்றி பெங்களூரில் இறக்க லாரிக்காரர் 18,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், சதுர அடிக்கு 18 ரூபாய் வாடகையிலேயே ஏறிவிட்டது. நீங்கள் விற்பதே நாற்பத்தைந்துக்கோ ஐம்பதுக்கோ. பெங்களூரைச் சுற்றியும் பேவர்காரர்கள் இருக்கிறார்கள், சென்னையைச் சுற்றியும் இருக்கிறார்கள், அவர்கள் அஞ்சு ரூபாயில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆர்டர் கிடைத்தாலும் கொடுக்க முடியாத ஊரில் ஸ்டால் போட்டு என்ன செய்வீர்கள்? கனம் அதிகம், விலை குறைவு, இந்த மாதிரிச் சரக்குக்கு லாரி வாடகைதான் எல்லைக்கல்.

இன்னொன்று, கண்காட்சி என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் சொல்கிறோம், உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. எக்ஸ்கான் மாதிரி மெஷின்களுக்கு என்றே நடப்பது ஒரு ரகம். மும்பை, டெல்லி, பெங்களூரில் நடக்கிற ஏஸ்டெக் மாதிரி ஆர்க்கிடெக்ட்களும் இன்டீரியர் ஆட்களும் டைல்ஸ், கதவு, லைட் பார்க்க வருவது இன்னொரு ரகம். கோவையில் கொடிசியா (அந்த ஊர் சிறு தொழில் சங்கம்) நடத்துகிற பில்ட் இன்டெக்கில் பொருளும் இருக்கும், மெஷினும் இருக்கும், கொங்கு பக்கத்துக் காண்ட்ராக்டர்களும் வீடு கட்டுகிறவர்களும் கலந்து வருவார்கள். அப்புறம் ஃபிளாட் விற்கிற கண்காட்சிகள். பெயரில் "பில்ட்" என்றோ "ஹோம்" என்றோ ஒட்டிக்கொண்டிருக்கும், கூப்பிடுகிறவர் இது எது என்று சொல்லவே மாட்டார்.

நான் மாட்டியது இந்தக் கடைசி ரகத்தில். பெயர் வேண்டாம், இப்போது அது நடப்பதும் இல்லை. மூன்று நாள், நோட்டில் 412 பேர் எழுதி வாங்கினோம். பையனுக்கு ஒரே சந்தோஷம். ஊருக்கு வந்து உட்கார்ந்து பிரித்தால் பில்டர், காண்ட்ராக்டர் என்று 9 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் ஃபிளாட் பார்க்க வந்த குடும்பம், காலேஜ் பிள்ளைகள், பக்கத்து ஸ்டாலில் பேனா கொடுக்கிறார்கள் என்று வந்தவர்கள். அந்த 9 பேரில் இரண்டு பேர் கொட்டேஷன் கேட்டார்கள். ஆர்டர் பூஜ்யம். எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது, சாம்பிளுக்கு அழகாக அடுக்கி வைத்த எம்40 (காங்கிரீட்டின் உறுதித் தரம்) பேவர் மேல் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து கோன் ஐஸ் சாப்பிட்டான், அவன் அம்மா என்னைப் பார்த்து "உட்காரலாம் இல்ல அங்கிள், உடையாதே?" என்று கேட்டார். மூன்று நாளில் சரக்கின் உறுதியைப் பற்றி யாராவது கேட்டார்கள் என்றால் அந்த அம்மா ஒருத்தர்தான்.

மேல்விஷாரம் ஹார்டுவேர்:
😂 உடையாது என்று சொன்னீர்களா இல்லையா?

காட்பாடி கணக்கு:
சொன்னேன் பாய். 80 மி.மீ.யும் இருக்கிறது, லாரியே ஏறலாம் என்றேன். கார் பார்க்கிங் இருக்கிற ஃபிளாட்டா என்று திருப்பிக் கேட்டார்.

ராணிப்பேட்டை பசை:
கணக்கு ஐயா சொல்வதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஸ்டாலே வேஸ்ட் என்கிற மாதிரி போகிறது பேச்சு. நாங்கள் டைல்ஸ் ஒட்டுகிற பசையும் வாட்டர்புரூஃப் கெமிக்கலும் செய்கிறோம். 20 கிலோ மூட்டை, பார்சல் சர்வீஸில் போட்டால் தமிழ்நாடு முழுக்கப் போகும். நமக்குக் கல்லோ மணலோ மாதிரி இல்லை. கோவையில் இரண்டு வருஷம் முன்னால் ஸ்டால் போட்டோம். வந்தது வாடிக்கையாளர் இல்லை, டீலர்கள். பொள்ளாச்சி, ஈரோடு, திண்டுக்கல் மூன்று ஊரில் ஆள் பிடித்தோம், அதில் ஈரோட்டுக்காரர் மட்டும் இன்றைக்கு மாதம் 400 மூட்டை எடுக்கிறார். அதனால் என்ன விற்கிறோம் என்பதோடு யாரைத் தேடுகிறோம் என்பதும் இருக்கிறது. டீலர் வேண்டும் என்றால் ஸ்டால் போட்டுத்தான் ஆகணும்.

ஆனால் வாலாஜா அண்ணா, 1,08,000 என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். ஸ்டால் வாடகை 95,000, வரியோடு 1,12,100. மிக்சர் ஓட்டிக் காட்ட த்ரீ ஃபேஸ் கரண்ட் கேட்டதற்குத் தனியாக 9,000, வாடகைக்குள் அடங்குவது மூன்று லைட்டும் ஒரு பிளக் பாயின்ட்டும்தான். பேனர், ஷெல்ஃப், டிவி வாடகை 32,000. வேன் போக வர 22,000. நாலு ராத்திரி இரண்டு ரூம் 14,400. சாப்பாடு 11,000. நோட்டீஸ், பை 18,500. சாம்பிள் மூட்டை 6,000. அப்புறம் ஏற்று கூலி, இறக்கு கூலி, டீ, மறந்துபோன எக்ஸ்டென்ஷன் வயர் என்று ஒரு 6,000. மொத்தம் 2,31,000. இதில் நாலு நாள் நானும் சூப்பர்வைசரும் இல்லாமல் யூனிட்டில் பாழான ஒரு பேட்ச் சேரவில்லை. வாடகையைப் போல இரண்டரை மடங்கு கையில் இருந்தால் பேசுங்கள்.

வாலாஜா பிளாக்:
அப்போ என் இரண்டரை லட்சத்துக்கு ஒரு ஸ்டால்தான், அதுவும் மூச்சு முட்ட. பேவரைக் கொண்டுபோகும் வண்டி வாடகை உங்களை விட எனக்கு ஜாஸ்தி ஆகும்.

மேல்விஷாரம் ஹார்டுவேர்:
நான் ஸ்டால் போட்டதில்லை, ஆனால் கடைக்குச் சரக்கு பார்க்க வருஷத்துக்கு ஒரு கண்காட்சியாவது போய்விடுவேன். ஒரு வழி சொல்கிறேன். எந்தக் கண்காட்சியில் போட நினைக்கிறீர்களோ அதற்கு ஒரு வருஷம் முன்னால் சும்மா போங்கள். அதுவும் முதல் நாள் இல்லை. முதல் நாள் ரிப்பன் வெட்டுவார்கள், மந்திரி வருவார், எல்லார் முகத்திலும் பவுடர் இருக்கும். கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், அவர்களிடம் உட்கார்ந்து, "பாய், அடுத்த தடவை போடுவீங்களா?" என்று கேளுங்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் வராது அந்த நேரத்தில். உங்கள் மாதிரியே சரக்கு விற்கிறவர் மூன்று பேரைக் கேட்டால் போதும்.

அப்புறம் போன தடவை ஸ்டால் போட்டவர்கள் லிஸ்ட் கேட்டு வாங்கி, அதற்கு முந்தின தடவை லிஸ்டோடு வைத்துப் பாருங்கள். உங்கள் லைனில் இருந்தவர்கள் திரும்ப வந்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். லிஸ்ட் தர மாட்டேன் என்றால் அதுவே பதில்.

சத்துவாச்சாரி சைட்:
காலேஜ் பிள்ளைகள் வந்து பேனா வாங்குகிறார்கள் என்று கணக்கு ஐயா எழுதியிருந்தார். நானும் அப்படி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன பையன்தான் ஐயா. மூன்றாம் வருஷம் சிவில் படிக்கும்போது நந்தம்பாக்கம் போனோம். ஒரு ஸ்டாலில் ஒரு பெரியவர் எங்களை விரட்டாமல் ரீபார் கப்ளரை (இரண்டு கம்பியை இணைக்கிற குழாய்) மாட்டிக் கழற்றிக் காட்டினார். இப்போது என் சைட்டில் கப்ளர் என்றால் முதலில் அவர் கம்பெனிக்குத்தான் போன் போடுகிறேன். ஆறு வருஷம் ஆயிற்று, அவருக்கு அது தெரியவே தெரியாது.

காட்பாடி கணக்கு:
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் ஆறு வருஷம் காத்திருக்க கம்பெனிக்கு முடியும், வாலாஜாவுக்கு முடியாது.

குடியாத்தம் ஜாலி:
சிமென்ட் ஜாலி, கிரில் டிசைன் பிளாக் செய்கிறேன். நானும் சென்னையில் ஒரு முறை ஸ்டால் போட்டேன், அந்த அனுபவம் யாருக்காவது உதவட்டும். மேப்பில் காட்டியது வாசலுக்கு நேர் மூன்றாவது ஸ்டால், இரண்டு பக்கம் திறப்பு. அட்வான்ஸ் கட்டி, பாக்கியும் கட்டி, முந்தின நாள் சாயந்திரம் வண்டியோடு போய் நின்றால் என் இடத்தில் ஒரு பெரிய பெயிண்ட் ஸ்டால் எழும்பிக்கொண்டிருக்கிறது. "லேஅவுட் மாறிடுச்சு மேடம்" என்றார்கள். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, ஒரு பக்கம் தூண், எதிரே பாத்ரூம் போகிற வழி. ஃபேசியா போர்டில் (ஸ்டால் மேலே மாட்டுகிற பெயர்ப் பலகை) என் கம்பெனி பெயரில் ஒரு எழுத்து வேறு விட்டுவிட்டார்கள். மூன்று நாளும் என்னிடம் அதிகம் பேர் கேட்டது, "லேடீஸ் எந்தப் பக்கம்?"

சண்டை போட்டேன். பேப்பரில் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. பில்லில் ஸ்டால் நம்பரை எழுத வையுங்கள், மேப்பை பிரின்ட் எடுத்து அவர்கள் கையெழுத்தோடு வாங்குங்கள், இடம் மாற்றினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தயங்குகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் எனக்கு வாடகைப் பணம் திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் கொள்முதல், சந்தை ஆதரவுத் திட்டத்தில் ஸ்டால் வாடகையில் 80 சதவீதம் கொடுக்கிறார்கள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 100 சதவீதம், மேலே ஒரு உச்சவரம்பு உண்டு. கண்காட்சிக்கு முன்னாலேயே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், முடிந்த பிறகு போய் நின்றால் கிடைக்காது. முதலில் நம் கைக்காசைக் கட்டி, பில், போட்டோ எல்லாம் வைத்த பிறகுதான் வரும். கிண்டியில் இருக்கிற எம்.எஸ்.எம்.இ. அலுவலகத்தில் கேளுங்கள், நம் மாவட்டத் தொழில் மையத்திலும் வழி சொல்வார்கள்.

ராணிப்பேட்டை பசை:
இது தெரியாமல் 95 ஆயிரம் விட்டேனே அக்கா. 🤦

கணக்கு ஆபீஸ்:
வரி விஷயம் யாரும் சொல்லாததால் நான். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் ஏறினால்தான் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியும். வெளி மாநிலம் என்றால் எந்த வரி போடுகிறார்கள் என்று அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள், கர்நாடக மாநில வரியாகப் போட்டுவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவில் எடுக்க வராது. சாம்பிள் கொண்டுபோகும்போது விற்பனை பில் போடாதீர்கள், கண்காட்சிக்கு என்று எழுதி டெலிவரி சலான் போடுங்கள். மாநிலம் தாண்டினால் மதிப்பு 50,000க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். வெளி மாநில ஸ்டாலிலேயே சரக்கை விற்பதாக இருந்தால் அங்கே தற்காலிக வரிப் பதிவு எடுத்து, வரியையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பலர் இதைத் தெரியாமல் செய்துவிட்டு வந்து எங்களிடம் நிற்கிறார்கள்.

ஸ்டால் போட்டவுடன் இ-மெயிலில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் கண்காட்சிக்கு வருகிறவர்களின் போன் லிஸ்ட் விற்பார், வாங்காதீர்கள். இன்னொருவர் "உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்" என்று ஒரு ஃபாரம் அனுப்புவார், அடியில் பொடி எழுத்தில் மூன்று வருஷத்துக்கு யூரோவில் சந்தா என்று இருக்கும். கையெழுத்தே போடாதீர்கள்.

வாலாஜா பிளாக்:
எல்லோருக்கும் நன்றி. கணக்கு ஐயா லோடு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டது ராத்திரி தூங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொண்ணை உட்கார வைத்துப் போன நிதியாண்டு பில்களை ஊர்வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். மொத்தம் 340 பில். அதில் 291 நாற்பது கிலோமீட்டருக்குள்: வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், வேலூர். 40 பில் அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம். அதற்கு மேல் போனது 9தான், அந்த ஒன்பதும் சென்னையில் ஒரே பில்டர், அவரும் சொந்த ஊர் கலவை என்பதால் வாங்குகிறார்.

இன்னொன்றும் பார்த்தேன். பெரிய ஆர்டர் என்று சொல்லும்படி 12 இருந்தது. அதில் 7 ஆர்டரில் என்னைக் கூப்பிட்டவர் வீட்டுக்காரரோ பில்டரோ இல்லை, அந்த சைட்டின் இன்ஜினியர்.

காட்பாடி கணக்கு:
பாப்பாவுக்கு ஒரு மக்கன் பேடா வாங்கிக் கொடுங்கள், எந்தக் கண்காட்சிக்காரரும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. உங்களைக் கூப்பிடுகிறவர் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற சைட் இன்ஜினியர் என்றால் உங்கள் கண்காட்சியும் அங்கேதான் நடக்க வேண்டும். நம் ஊர்களில் சிவில் இன்ஜினியர்கள் சங்கக் கூட்டம் மாதா மாதம் ஏதாவது ஹோட்டல் ஹாலில் நடக்கிறது. ஒரு மாத டிபன் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அரை மணி நேரம் பேச விடுவார்கள். நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் உங்கள் ஆட்கள். போகும்போது பவர் பாயின்ட் எல்லாம் வேண்டாம். இரண்டு பேவரைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள், கணீரென்று கேட்கணும். ஒன்றை அவர்கள் எதிரிலேயே சம்மட்டியால் உடைத்து நடுவில் ஜல்லி எப்படிப் பரவியிருக்கிறது, மேல் கலர் லேயர் எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். ஐ.எஸ். 15658 (பேவருக்கான இந்தியத் தர அளவு) படி டெஸ்ட் செய்த லேப் ரிப்போர்ட் நகல் ஆளுக்கு ஒன்று. ரிப்போர்ட் இல்லை என்றால் முதல் செலவு அதுதான், ஸ்டால் இல்லை.

கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் வீடு கட்டுவோர் கண்காட்சி என்று அப்பப்போ வைக்கிறார்களே, அதில் வாடகை குறைவாக இருந்தால் ஒன்று போட்டுப் பாருங்கள். லாட்ஜ் செலவு இல்லை, ராத்திரி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரி சைட்:
சங்கக் கூட்டத்துக்கு நான் சொல்லி வைக்கிறேன் அண்ணா. டிபனில் பொங்கல் மட்டும் வேண்டாம், அப்புறம் யாரும் முழித்திருக்க மாட்டார்கள்.

ஆம்பூர் லெதர் ஷெட்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மைத்துனர் துபாயில் இருக்கிறார், நவம்பரில் பிக் 5 கண்காட்சிக்கு வா என்கிறார். ஜெர்மனி பௌமா பற்றியும் சொல்கிறார். ஷெட் ஃபேப்ரிகேஷன் வேலை எனக்கு. போகலாமா?

ஜல்லி:
ஜெர்மனி பௌமா மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, 2025 ஏப்ரலில் முடிந்தது, இனி 2028தான். துபாய்க்கு மைத்துனரைப் பார்க்கப் போவதாக இருந்தால் போங்கள், ஒரு நாள் அதையும் பாருங்கள். ஷெட் வேலைக்காக என்றால் முதலில் சென்னையில் ரூஃபிங் கண்காட்சி வரும்போது போய்ப் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு என்ன ஷீட் என்று அங்கே பேச ஆள் இருக்கும்.

வாலாஜா தம்பி, எக்ஸ்கானுக்கு எப்படிப் போவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். காலையில் காட்பாடியில் ஏழு மணி வாக்கில் வந்தே பாரத் வரும், ஏறினால் பத்தரைக்குள் பெங்களூரு. மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மெட்ரோ பிடித்து நேராகக் கடைசி ஸ்டேஷன் மாதாவரா, 2024 நவம்பரில்தான் அதுவரை நீட்டினார்கள், கண்காட்சி வளாகம் பக்கத்திலேயே. முன்னெல்லாம் அந்த துமகூரு ரோட்டில் டாக்ஸியில் உட்கார்ந்தே பாதி நாள் போய்விடும். புது ஷூ போடாதீர்கள். ஆன்லைனில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். எல்லா ஹாலும் பார்க்கப் போகாதீர்கள், முந்தின நாளே பிளாக் மெஷின் வைத்திருக்கிறவர்கள் எந்த ஹால் என்று குறித்துக்கொண்டு பத்து ஸ்டால் மட்டும். வெளியே ராட்சத எக்ஸ்கவேட்டர் டான்ஸ் ஆடும், அதைப் பார்க்க நின்றால் ஒரு மணி நேரம் அம்போ (நான் இரண்டு தடவையும் நின்றேன்).

விலை கடைசியில் கேளுங்கள். முதலில், "இதே மாடல் எங்கள் ஊர் பக்கத்தில் எங்கே ஓடுகிறது?" என்று கேளுங்கள்.

வாலாஜா பிளாக்:
ஒரு மாதம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

சங்கக் கூட்டம் நடந்தது. 46 பேர் வந்தார்கள். சம்மட்டியால் அடித்தேன், முதல் அடியில் உடையவில்லை, இரண்டாவதும் உடையவில்லை, ஹால்காரர் டைல்ஸ் போய்விடும் என்று ஓடி வந்தார். அதுவே நல்ல விளம்பரம் ஆகிவிட்டது. லேப் ரிப்போர்ட், டிபன், சாம்பிள் எல்லாம் சேர்த்து 19,000 செலவு. இதுவரை நாலு கொட்டேஷன், ஒரு பள்ளிக்கூட மைதான வேலை உறுதியாகி அட்வான்ஸ் வந்திருக்கிறது. கார்னர் ஸ்டால்காரர் இன்னும் போன் செய்கிறார், இப்போது 82,000க்கு இறங்கிவிட்டார்.

எக்ஸ்கானும் போய் வந்தேன். ஜல்லி அண்ணா சொன்ன மாதிரி பத்து ஸ்டால் குறித்துக்கொண்டு போய் ஏழுதான் பார்க்க முடிந்தது (எக்ஸ்கவேட்டர் டான்ஸ் பார்த்தேன், மறைக்கவில்லை). ஒரு மெஷின் ரொம்பப் பிடித்தது. ஸ்டாலில் இருந்த பையன் நல்லாப் பேசினான், மோல்டு (பிளாக் வார்க்கிற அச்சு) ஒரு லட்சம் ஸ்ட்ரோக், அதாவது ஒரு லட்சம் முறை அழுத்துவது வரை, தாங்கும் என்றான். எங்கள் பக்கம் எங்கே ஓடுகிறது என்று கேட்டதும் லேப்டாப்பைத் திறந்து தேடிவிட்டு, "சார், குடியாத்தத்துல ஒண்ணு இருக்கு, பேரணாம்பட்டு ரோடு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு குடியாத்தம் போனேன். முதலாளி தயங்காமல் ஓட்டிக் காட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு லட்சம் எல்லாம் இல்லை, எம்-சாண்டும் குவாரி டஸ்டும் அரைத்து அறுபதாயிரம் ஸ்ட்ரோக்கிலேயே மோல்டு தேய்ந்து பிளாக் மூன்று மி.மீ. பெருத்துவிட்டது என்றார், காலிப்பர் வைத்து அளந்தே காட்டினார். சாயந்திரம் வோல்டேஜ் இறங்கினால் வைப்ரேட்டர் மோட்டார் திணறுகிறது, அப்போது போட்ட பிளாக்கில் மூலை உதிர்கிறது, அதனால் ஆறு மணிக்கு மேல் மெஷினையே நிறுத்திவிடுகிறாராம். இருந்தாலும் மெஷின் நல்ல மெஷின்தான், வாங்கியதில் வருத்தம் இல்லை என்றார். கூட ஒரு மோல்டும் ஸ்டெபிலைசரும் சேர்த்து விலை பேசு என்று சொல்லி அனுப்பினார். அதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

குடியாத்தம் ஜாலி:
பேரணாம்பட்டு ரோட்டில், நீல கேட் போட்ட ஷெட்டா? அது எங்கள் ஷெட்டுக்கு எதிர்ப்புறம் அண்ணா! இரண்டு வருஷமாக அந்த வைப்ரேட்டர் சத்தத்தில்தான் என் ஜாலி எல்லாம் காய்கிறது. இங்கேயே ஒரு வார்த்தை என்ன மெஷின் தேடுகிறீர்கள் என்று எழுதியிருக்கலாமே.

வாலாஜா பிளாக்:
அக்கா 🙏 பெங்களூரு டிக்கெட் மட்டும் போக வர எவ்வளவு ஆச்சு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

குடியாத்தம் ஜாலி:
சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தேய்ந்த மோல்டைத் தகடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தது எங்கள் தெரு லேத்காரர்தான். புது மோல்டுக்கு விலை பேசி முடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் வந்து அவரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை லீவு.